அதே மழைக்கோட்டு

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், நாடக மேடையில் நாற்பது ஆண்டுகள் பழகிய மூத்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது நான் ‘கொலம்போ’ என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் பழைய கதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தப் போன என்னைக் கையமர்த்திவிட்டு அவரும் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தார். பிறகு, இந்த நடிகர் இதே வேடத்தை எத்தனை காலம் செய்தார் என்று கேட்டார். 1968 முதல் 2003 வரை, மொத்தம் 69 கதைகள் என்றேன். “முப்பத்தஞ்சு வருஷமா ஒரே மழைக்கோட்டு, ஒரே சுருட்டு, போற மாதிரி போயிட்டுத் திரும்பி வந்து கேக்கிற அதே கேள்வி. இதுக்குப் பேரு நடிப்பு இல்ல தம்பி, உத்தியோகம்” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. மன்னனாகவும் வண்டிக்காரனாகவும் கிழவியாகவும் மேடையேறியவர் அவர். வேடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் நடிகனின் வாழ்க்கை என்பது அவருடைய நம்பிக்கை. காபியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது. 26 ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை செய்கிறவன் நான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கு ஓரளவு தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு, கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்கின் வாழ்க்கையை மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து அது என்னை விடவில்லை.

நண்பர் அறியாத ஒரு செய்தி உண்டு. ஃபால்க் உண்மையிலேயே அரசு உத்தியோகத்தில் இருந்தவர். அதுவும் என்னுடையதற்குத் தூரத்து உறவான வேலை. நியூயார்க் மாநிலத்தின் ஆசினிங் என்னும் ஊரில் வளர்ந்து, போர்க்காலத்தின் முடிவில் வணிகக் கப்பலில் சமையற்காரராகக் கடலோடி, பிறகு விட்ட படிப்பைப் பிடித்து, 1953இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபர்டில், மாநில வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மற்ற அரசு அலுவலகங்களின் வேலைமுறை சிக்கனமாகவும் ஒழுங்காகவும் நடக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லும் பணி அது. வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் தன் அலுவலகக் கட்டடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எதற்கும் நேரத்துக்குப் போகாத அந்தப் பழக்கமே தன்னை நடிகனாக்கியது என்றும் அவர் சொன்னதுண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தத் தாமதத்தைப் பற்றியதுதான் என்று கூடச் சொல்லலாம்.

அதற்கு முன் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதில், விழித்திரைப் புற்றுநோயால் அவருடைய வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் வாழ்நாள் முழுதும் கண்ணாடிக் கண். பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் தன்னைத் தவறாக ஆட்டமிழக்கச் செய்ததாகக் கோபம் வந்து, கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டி, இதைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்ன கதையை அவரே பலமுறை விவரித்திருக்கிறார். திரைப்பட உலகம் அந்தக் கண்ணை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன், இதே சம்பளத்துக்கு இரண்டு கண் உள்ள நடிகன் கிடைப்பானே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கொலம்போ தலையைச் சாய்த்து, நெற்றியில் விரலை வைத்து, எதிரில் இருப்பவரை ஒருக்களித்துப் பார்க்கும் அந்தப் பார்வையை இன்று உலகமே அறியும். 1997இல் வந்த ஒரு கதையில், ஒன்றைவிட மூன்று கண்கள் மேல் என்று கொலம்போ போகிறபோக்கில் சொல்லுவார். ஒரு நிமிடம் கழித்துத்தான் அதன் கணக்கு நமக்கு விளங்கும். அந்தப் பாத்திரம் ஏற்கத் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட உரிமை அது.

வெஸ்ட்போர்ட்டுக்குப் போகும் சாலை

ஹார்ட்ஃபர்டில் வேலை பார்த்துக்கொண்டே ஃபால்க் அவ்வூர் அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் நடித்துவந்தார். அதோடு நிற்காமல், வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில் இவா லெ கால்யென் நடத்திய நடிப்பு வகுப்பிலும் சேர்ந்தார். லெ கால்யென் அன்றைய அமெரிக்க மேடையின் பெரிய ஆளுமை; நடிகை, இயக்குநர், நாடகக் குழுவை நிறுவி நடத்தியவர். அவருடைய வகுப்பு தொழில்முறை நடிகர்களுக்கு மட்டுமே. ஃபால்க் தன்னையும் தொழில்முறை நடிகன் என்று பொய் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். வகுப்பு நடக்கும் புதன்கிழமைதோறும் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கார் ஓட்டிப் போவார். ஒவ்வொரு வாரமும் தாமதமாகவே போய்ச் சேருவார்.

அலுவலகத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் புதன்கிழமை மதியங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசையில் முடிக்காத கோப்பு, சுவரில் கடிகாரம், மேலதிகாரி இருக்கையில் இருக்கிறாரா என்று ஒரு பார்வை, ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கிளம்புதல். வயது இருபத்தெட்டு. நிரந்தர வேலை. இன்னொரு முப்பது ஆண்டுகள் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் லெ கால்யென் கேட்டேவிட்டார்: ஏன் எப்போதும் தாமதமாக வருகிறாய்? ஹார்ட்ஃபர்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்றார் ஃபால்க். ஹார்ட்ஃபர்டில் நாடகமே கிடையாதே, அங்கே என்ன நடித்துப் பிழைக்கிறாய் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குமேல் மறைக்க வழியில்லாமல், தான் உண்மையில் நடிகன் அல்ல என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மையார் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, ஆகியிருக்க வேண்டியவன்தான் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஃபால்க் காரை எடுத்துக்கொண்டு ஹார்ட்ஃபர்டுக்குத் திரும்பி வந்து வேலையை விட்டார்.

இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். வழக்கமாக இது ஊக்கக் கதையாகச் சொல்லப்படுகிறது. பெரியவர் ஒருவர் ஆசீர்வதித்தார், இளைஞன் சிறகு விரித்தான் என்ற வகையில். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த அறையில் நடந்தது ஒரு விசாரணை. குற்றவாளி ஒரு பொய்யைச் சொல்லி உள்ளே நுழைந்திருக்கிறான். அந்தப் பொய்யின் ஒரு சின்ன நுனி, தாமதமாக வருவது என்ற அற்ப விஷயம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர் குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. ஏன் தாமதம், எங்கிருந்து வருகிறாய், அங்கே என்ன செய்கிறாய் என்று சாதாரணமாக மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வியில் பொய் தானே விழுந்துவிடுகிறது. பின்னாளில் ஃபால்க் 69 முறை செய்து காட்டியதெல்லாம் இதைத்தான். கொலம்போவைப் படைத்தவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இரு எழுத்தாளர்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவர்களுடைய மனத்தில் இருந்தார் என்பது பதிவான செய்தி. ஆனாலும், அப்படிப்பட்ட கேள்விகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை ஃபால்க் தன் உடம்பாலேயே அறிந்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. தணிக்கையில் எதிரெதிராக உட்கார்ந்து பேசிப் பழகியவனின் உள்ளுணர்வு இது.

வேலையை விட்ட பிறகு எல்லாம் விரைவாகவே நடந்தது. 1956இல் நியூயார்க்கில் அவர் நடித்த முதல் நாடகம் ஒரே காட்சியோடு முடிந்துபோனது. ஆனால் அதே ஆண்டு யூஜீன் ஓநீலின் ‘த ஐஸ்மேன் கம்எத்’ நாடகத்தில், ஜேசன் ரோபார்ட்ஸோடு, மதுக்கடை ஊழியராக நடித்துக் கவனம் பெற்றார். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களுக்காக அடுத்தடுத்துத் துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை. 1962இல், தொலைக்காட்சி நடிப்புக்கான எம்மி விருது முதல் முறையாக. இத்தனையும் கொலம்போவுக்கு முன்பே.

கோட்டுக்குள் இருந்த மனிதர்

கொலம்போவாக நடிப்பதற்கு முதலில் நினைத்தது இவரை அல்ல. லீ ஜே. காப் கிடைக்கவில்லை, பிங் கிராஸ்பி வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பாத்திரத்தைத் தொலைக்காட்சியில் ஒருவரும் மேடையில் ஒருவரும் முன்பே நடித்தும் இருந்தார்கள். இங்கும் ஃபால்க் தாமதமாக வந்தவர்தான். 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பான முதல் படத்தில் கொலம்போ திரையில் தோன்றவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. கொலையாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடும் அமைப்பு அது. எனவே துப்பறிகிறவர் வரும்போது நமக்கு எல்லாம் தெரியும். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. அந்த மழைக்கோட்டு ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. நியூயார்க்கின் 57ஆம் தெருவில் மழையில் மாட்டிக்கொண்டபோது ஒதுங்கிய கடையில் வாங்கியது. அந்தப் பழைய பெஜோ காரும் அவர் ஸ்டுடியோவின் வண்டிக் கொட்டகையில் தேடிப் பிடித்ததே. நாயை மட்டும் அவர் முதலில் விரும்பவில்லை. கோட்டும் காரும் சுருட்டும் போதாதா என்றவர், எச்சில் ஒழுக, எதிலும் அக்கறையில்லாமல் படுத்துக் கிடந்த அந்த பாஸெட் ஹவுண்டை நேரில் பார்த்ததும் மனம் மாறினாராம்.

அந்தப் புகழ்பெற்ற “இன்னும் ஒரே ஒரு விஷயம்” வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. லெவின்சனும் லிங்கும் மேடைக்காக எழுதியபோது, ஒரு காட்சி நீளம் போதாமல் இருந்தது. கொலம்போ ஏற்கெனவே வெளியேறிவிட்டார். அந்தக் காலத்தில் தட்டச்சுப் பொறி. பக்கத்தை முழுதாக மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, போனவரைக் கதவைத் திறந்து தலையை நீட்டி இன்னொரு கேள்வி கேட்க வைத்தார்கள். உலகம் முழுவதும் பரவிய ஒரு வாசகத்தின் பிறப்பு இவ்வளவுதான். ஆனால் தாளில் இருந்த அந்த வசதியை ஒரு மனிதனின் இயல்பாக மாற்றியது ஃபால்க். கதவு வரை போய், நின்று, ஏதோ நினைவு வந்தவராகக் கையை உயர்த்தித் திரும்பும் அந்த இரண்டு நொடிகளில், இவர் நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று கொலையாளிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பென்சிலைத் தேடிச் சட்டைப்பைகளைத் துழாவுவது போன்றவற்றை முன்கூட்டிச் சொல்லாமல் படப்பிடிப்பில் திடீரென்று செய்வாராம். எதிரில் நிற்கும் நடிகர் முகத்தில் தெரியும் எரிச்சல் பல இடங்களில் உண்மையான எரிச்சல்.

ஒரே வேடம்தான் என்று நண்பர் சொன்னார். 1968 படத்தைப் போட்டுப் பார்த்தால் அது ஒரே வேடம் அல்ல என்பது தெரியும். அதில் கொலம்போ தலைமுடியைப் படிய வாரியிருக்கிறார், பேச்சில் கூர்மையும் கொஞ்சம் கொடுமையும் இருக்கிறது. கொலைக்கு உடந்தையான இளம்பெண்ணைப் பார்த்துக் கத்துகிறார், உன்னை உடைக்காமல் விடமாட்டேன் என்கிறார். 1971இல் தொடராக உருப்பெறும்போது அந்தக் கத்தல் அநேகமாக மறைந்துவிடுகிறது. மறைந்தது எங்கே போயிற்று என்பதை 1973இல் வந்த ஒரு கதை காட்டிக்கொடுக்கிறது. லெனார்ட் நிமாய் அதில் இதய அறுவை மருத்துவர். தன் மூத்த சகாவின் உடலுக்குள், கரைந்துபோகும் தையல் நூலை வைத்துத் தைத்து, சில நாளில் அவர் சாகும்படி ஏற்பாடு செய்திருப்பவர். அவருடைய அறையில் கொலம்போ பேசிக்கொண்டிருக்கிறார்; மருத்துவர் சிரிக்கிறார். கொலம்போ மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்து வைக்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த நோயாளி பிழைக்க வேண்டும், பிழைக்காவிட்டால் உடற்கூறு ஆய்வு நடக்கும் என்று தாழ்ந்த குரலில் சொல்லுகிறார். அந்தக் குழைவும் பணிவும் இவ்வளவு கோபத்தை மூடிக்கொண்டா இருந்தன என்று அந்த ஒரு நொடியில் புரிகிறது. வேறொரு நடிகர் இதே கோபத்தை மாதம் ஒருமுறை காட்டியிருப்பார். ஃபால்க் அதைக் கட்டிக் காத்தார்.

1977இல் வந்த இன்னொரு கதையில், மேதைகள் மட்டுமே சேரும் சங்கம் ஒன்றின் உறுப்பினர் கொலையாளி. அவரிடம் கொலம்போ சொல்லுகிறார்: பள்ளியிலும் காவல்துறையிலும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்தேன்; அவர்களைவிடக் கடினமாக உழைத்து, அதிக நேரம் செலவிட்டு, புத்தகங்களைப் படித்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் நானும் தேறலாம் என்று நினைத்தேன்; இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும் ஐயா. இதைச் சொல்லும்போது ஃபால்க் எதையும் அலங்கரிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு இதைக் கேட்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உத்தியோகம் என்று நண்பர் சொன்ன சொல்லை அதற்குரிய மரியாதையோடு திரையில் உச்சரித்த ஒரே நடிகர் இவர்தான் என்று தோன்றியது.

அந்த உத்தியோகத்தின் சம்பளம் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய நெருங்கிய நண்பரான இயக்குநர் ஜான் கஸாவெட்டிஸ், ‘எ வுமன் அண்டர் த இன்ஃப்ளுயன்ஸ்’ என்ற படத்தை எடுக்கப் பணம் தேடி அலைந்தார். மனம் பேதலிக்கும் ஒரு நடுவயது இல்லத்தரசியின் கதைக்கு ஸ்டுடியோக்கள் கைகொடுக்கவில்லை. ஃபால்க் தன் சொந்தப் பணம் ஐந்து லட்சம் டாலரைப் போட்டார். போட்டதோடு அல்லாமல் அந்தப் பெண்ணின் கணவனாகவும் நடித்தார். கட்டட வேலையாட்களின் மேஸ்திரி அவன். மனைவியை உயிராக நேசிக்கிறவன், அவளுக்கு என்ன நேர்கிறது என்று புரியாமல் கத்துகிறவன், கை ஓங்குகிறவன். மனைவியாக வரும் ஜீனா ரோலண்ட்ஸின் நடிப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், அது நியாயம்தான். ஆனால் இரவு முழுதும் வேலை செய்துவிட்டுத் தன் ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வந்து, அவள் சமைத்த ஸ்பகெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஃபால்க்கின் முகத்தைப் பாருங்கள். மனைவி ஒருவனிடம் கொஞ்சம் அதிகமாக அன்பு காட்டத் தொடங்கும்போது அந்த முகத்தில் பெருமையும் கூச்சமும் பயமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. படம் வெளியான 1974இல் அதே முகம் கொலம்போவாகவும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரு சாயல்கூட இல்லை.

நண்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். 1978இல் நின்றுபோன தொடர் 1989இல் வேறு தொலைக்காட்சிக்கு மாறி மீண்டும் வந்தபோது, பாத்திரம் பல இடங்களில் தன்னையே நகல் எடுத்தது. கைகள் அதிகம் ஆடின, தடுமாற்றங்கள் நீண்டன. 1992இல் கொலையே இல்லாத ஒரு கடத்தல் கதையில் கொலம்போவை இறக்கியது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது. அந்தக் காலகட்டத்திலும் 1990இல் ஒரு எம்மி கிடைத்தது, கொலம்போவுக்காக நான்காவது. நடிகர் பாட்ரிக் மகூஹனோடு மோதும் அந்தக் கதை அதற்குத் தகுதியானதும்கூட. இருந்தாலும் எழுபதுகளின் அடர்த்தி திரும்பவில்லை.

பெர்லினில் ஒரு காபிக் கடை

தொடர் நின்றிருந்த அந்த இடைவெளியில்தான், 1987இல், ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஆஃப் டிசைர்’ வந்தது. அதில் ஃபால்க் பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். படப்பிடிப்புக்காக பெர்லினுக்கு வந்திருக்கும் நடிகர். தெருவில் நடந்து போகிறவரைப் பார்த்துச் சில இளைஞர்கள், அது கொலம்போ அல்லவா என்கிறார்கள். இவ்வளவு பழைய கோட்டில் அவர் எங்கே இங்கு சுற்றப் போகிறார் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். பிறகு, சாலையோரத்துக் காபிக் கடையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத தேவதூதன் ஒருவனோடு பேசுகிறார். உன்னைப் பார்க்க முடியவில்லை, ஆனால் நீ இங்கே இருக்கிறாய் என்று தெரிகிறது என்கிறார். குளிரில் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக் காட்டி, இது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா என்கிறார். ஒரு கண்ணால் உலகைப் பார்த்த மனிதர் காணாத ஒன்றை நோக்கிக் கையை நீட்டும் அந்தக் காட்சியை என் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் ஃபால்க்குக்கு நினைவு மறதி நோய் வந்தது. அவரைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது 2009இல் நீதிமன்றம் வரை போனது. கொலம்போ என்ற பாத்திரம்கூட அவருக்கு நினைவில் இல்லை என்று அந்த விசாரணையில் மருத்துவர் ஒருவர் சாட்சி சொன்னார். 2011 ஜூன் 23 அன்று, 83ஆம் வயதில், பெவர்லி ஹில்ஸில் காலமானார்.

அந்தச் சாட்சியத்தைப் படித்த நாளிலிருந்து, 1975 செப்டம்பரில் ஒளிபரப்பான கதை ஒன்றை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஜேனட் லீ அதில் ஒரு காலத்துப் பெரிய நடிகை. மறுபடி மேடையேறப் பணம் தர மறுத்த கணவனைக் கொன்றுவிட்டு, வீட்டில் தன் பழைய படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர். படம் ஓடும் நேரத்துக்கும் அவர் சொல்லும் நேரத்துக்கும் இடையே சில நிமிடங்கள் உதைக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு கொலம்போ வருகிறார். ஆனால் அந்த அம்மாளுக்கு மூளையில் தீராத நோய். தான் செய்தது அவருக்கே நினைவில்லை, உயிரோடு இருக்கப் போவதும் ஓரிரு மாதங்கள்தான். கடைசிக் காட்சியில் அவர் தன் படத்தின் வெளிச்சத்தில் முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பழைய ஆடல் துணைவர், அவரைக் காதலித்தவர், கொன்றது நான்தான் என்று கொலம்போவிடம் சொல்லுகிறார். உங்கள் கதையை உடைக்க அதிக நேரம் ஆகாது என்கிறார் கொலம்போ. இரண்டு மாதம் ஆகலாம் என்கிறார் மற்றவர். கொலம்போ திரையைப் பார்க்கிறார், அந்த அம்மாளைப் பார்க்கிறார். பிறகு மெதுவாக, “ஆமாம், ஆகலாம்” என்கிறார்.